பந்து இல்லாத இடத்தில் பார்வை

ஆட்டக்காரியாக இருந்த காலத்தில் எனக்கு நடுவர்களைக் கண்டாலே ஆகாது. பள்ளி, கல்லூரி இரண்டிலும் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடினேன். தோற்ற ஆட்டங்களில் பாதியை எதிரணி வெல்லவில்லை, விசில் ஊதியவர் வென்று கொடுத்தார் என்றே அப்போது கணக்கு வைத்திருந்தேன். பிறகு முழங்காலில் லிகமெண்ட் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, தேறி, மறுபடி ஓடத் தொடங்கியபோது மருத்துவர் சொன்னார்: "நேராக எவ்வளவு வேண்டுமானாலும் ஓடுங்கள். ஓடுகிற வேகத்தில் சட்டென்று வெட்டித் திரும்பாதீர்கள்." கூடைப்பந்து கோர்ட்டில் அநேகமாக வெட்டித் திரும்பாமலே ஓடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு பேர்தான். இருவர் கையிலும் விசில் இருக்கும்.

இதை எனக்கு எடுத்துச் சொன்னவர், நான் படித்த பள்ளியின் பி.டி. மாஸ்டர். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய அந்தக் கல்லூரியிலிருந்து வந்த ஆசிரியர்களைச் சென்னைப் பள்ளிகளில் நிறையப் பார்க்கலாம். கூடைப்பந்தே ஒய்.எம்.சி.ஏ.வில் பிறந்த ஆட்டம் என்பதால், அதைத் தங்கள் குடும்பச் சொத்தாகவே பேசுவார்கள். "ஏம்மா, வீட்டில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருப்பதற்கு இங்கே வந்து மேசையில் உட்கார். மண்டலப் போட்டிக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லை" என்றார். போனேன்.

நடுவராக வேண்டும் என்று யார் என்னிடம் வந்தாலும் நானும் முதலில் மேசைக்குத்தான் அனுப்புகிறேன். விசில் வாங்குவதற்கு முன்னால் ஸ்கோர் ஷீட் எழுதப் பழக வேண்டும். ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் சிவப்பு மை. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நீலமோ கறுப்போ. பந்து வளையத்தில் விழுந்தால் புதிய மொத்தப் புள்ளியின்மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோவானால் (ஃபவுலுக்குப் பதிலாக யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) நிரப்பிய வட்டம், தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளியானால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு கால்பகுதியில் ஓர் அணிக்கு நான்கு ஃபவுல் நிறைந்துவிட்டால், அதன் பிறகு தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் அவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும் இந்த விதிகள், நாம் எழுதிய ஓர் எண்ணுக்காக இரண்டு பயிற்சியாளர்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று கத்தும்போது மனதில் நன்றாகத் தங்கிவிடும்.

நடுவரின் கைச்சைகை யாருக்காக என்பதும் மேசையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். ஃபவுல் என்றால் மூடிய முட்டி மேலே போக வேண்டும். டிராவலிங் (பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு அதிகத் தப்படி வைப்பது) போன்ற விதிமீறல் என்றால் விரித்த உள்ளங்கை. ஆட்டக்காரர் எண் 24 என்றால் முதலில் புறங்கை தெரியும்படி இரண்டு விரல், அடுத்து உள்ளங்கை தெரியும்படி நான்கு விரல். சிலர் ஓடிக்கொண்டே, பாதி திரும்பியபடி, காற்றில் எதையோ உதறுவார்கள். மேசையில் இருக்கும் பதினோராம் வகுப்பு மாணவி பயந்துகொண்டே 42 என்று எழுதிவிடுவாள். அதன் விளைவு நான்காம் கால்பகுதியில்தான் தெரியும்: ஐந்தாவது ஃபவுல் யாருக்கு என்று பெரிய வழக்கே நடக்கும். மேசைக்குத் தெரிகிற இடத்துக்கு வந்து, நின்று, காட்டி, எழுதுகிறவர் தலையாட்டிய பிறகுதான் நகர வேண்டும். அதற்குச் சில வினாடிகள் போதும். அந்த வினாடிகளில் நம் மூச்சும் சீராகிவிடும்.

இனி விசிலுக்கு வருகிறேன்.

கோர்ட்டுக்குள் இறங்கிய புதிதில் என்னோடு ஊதிய மூத்த நடுவர் ஒருவர், இடைவேளையில் தண்ணீர் குடித்தபடி கேட்டார்: "அந்தப் பச்சை ஜெர்சி உயரமான பையன் இந்தப் பாதி முழுவதும் என்ன செய்துகொண்டிருந்தான்?" அவன் எத்தனை கூடை போட்டான் என்று சொன்னேன். "அதைத்தான் ஸ்கோர் ஷீட் சொல்லுமே. பந்து அவனிடம் வராதபோது என்ன செய்தான்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. எதிராளியின் ஜெர்சியை இடுப்புக்குக் கீழே பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த எதிராளி பொறுமை இழந்து முழங்கையை வீசியபோதுதான் நாங்கள் ஊதினோம், அவன்மீது.

பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தை மாற்றுவது எப்படி என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன். ஆட்டக்காரர்களின் கண் பந்தோடு போகும், பார்வையாளர்களின் கண்ணும் அப்படியே. கோர்ட்டில் இருக்கும் பத்துப் பேரில் பந்து ஒருவரிடம்தான் இருக்கிறது. நடுவர்கள் இருவரும் பந்தையே பார்த்தால் மீதிப் பேருக்குக் கேட்பார் இல்லை. இது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் எழுதிய 13 விதிகளிலேயே வேலையைப் பிரித்துவிட்டார்: ஒருவர் ஆட்களைப் பார்த்து ஃபவுல்களைக் குறிக்க வேண்டும், இன்னொருவர் பந்தைப் பார்க்க வேண்டும். இன்று ஆளுக்கு ஒரு பொறுப்பு என்று நிரந்தரமாக இல்லை. பந்து இருக்கும் இடத்தைப் பொறுத்து அது கைமாறுகிறது.

இரண்டு பேர் ஊதும் ஆட்டத்தில் ஒருவர் லீட், மற்றவர் ட்ரெயில். லீட் ஆட்டத்துக்கு முன்னால் ஓடி, வளையத்தின் பக்கம் பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் முனைக்கோட்டுக்கு, வெளியே நிற்கிறார். ட்ரெயில் பந்துக்குப் பின்னால் வருகிறார். பந்து வளையத்திலிருந்து தள்ளி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு அருகே இருந்தால் அது ட்ரெயிலின் கவலை. லீட் அப்போது வளையத்தின் அடியில் நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்க்க வேண்டும். யாராவது ஷூட் செய்தால், அவர் இரண்டு காலும் தரையில் ஊன்றும்வரை ட்ரெயில் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. தடுப்பவர் தெரிந்தோ தெரியாமலோ அவர் இறங்கும் இடத்தில் காலை நீட்டினால் கணுக்கால் போய்விடும். முழங்காலைப் பறிகொடுத்தவள் என்பதால் இந்த ஒன்றில் நான் கொஞ்சம் கடுமைதான். பந்து காற்றில் இருக்கும்போது லீட் அண்ணாந்து பந்தைப் பார்த்தால், அவர் அன்றைக்குப் படி வாங்கிக்கொண்டு வந்த பார்வையாளர். வளையத்துக்கு அடியில் யார் யாரைத் தள்ளி இடம் பிடிக்கிறார்கள் என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது.

கண்ணைப் பழக்க நான் செய்தது எளிய காரியம். மாலையில் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கிலோ வேறு எங்கோ பெரியவர்களின் போட்டி நடந்தால் போய் உட்கார்ந்துகொள்வேன். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., வருமானவரித் துறை என்று நல்ல அணிகள் உள்ள ஊர் இது. ஆனால் ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன். ஒரு கால்பகுதி முழுக்க ஒரே நடுவரை மட்டும் பார்ப்பேன்: எங்கே நிற்கிறார், எப்போது ஓரடி நகர்கிறார், தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் கூடை விழுந்து ஆர்ப்பரிக்கும்போது எனக்கு யார் போட்டது என்றே தெரியாது. விதிப்புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததைவிட இது அதிகம் கற்றுக்கொடுத்தது.

பார்ப்பது எதை என்பதோடு, எங்கே நின்று பார்ப்பது என்பதும் இருக்கிறது. ஆட்டக்காரர் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிகிற கோணம் வேண்டும். தடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் நேர்கோட்டில் மாட்டிக்கொண்டால் கை கையில் பட்டதா பந்தில் பட்டதா என்பதை ஊகிக்கத்தான் முடியும். ஊகித்து ஊதக் கூடாது. பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தால் அதே காட்சி கண்ணாடிபோல் தெரியும். சத்தத்துக்கும் ஊதக் கூடாது; பந்தில் மட்டும் விழுந்த நல்ல அடிக்குத்தான் பெரும்பாலும் பெரிய சத்தம் வரும். பார்வையாளர்கள் "கை! கை!" என்று கத்துவது அந்தச் சத்தத்துக்குத்தான். மோதல் நேரும்போது பந்தோடு வருகிறவரைப் பார்க்காமல் தடுப்பவரைப் பார்க்க வேண்டும். அவர் இரண்டு காலையும் ஊன்றி, எதிராளிக்கு முகம் கொடுத்து, முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டாரா? கையை நேராக மேலே தூக்கிக்கொண்டு தன் இடத்திலேயே எழும்பினாரா? அப்படியானால் மோதலுக்கு அவர் பொறுப்பல்ல. எதிராளி காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகு குறுக்கே வந்து நின்றால் அவர்தான் பொறுப்பு. இது தெளிந்துவிட்டால், தவறு தடுப்பவருடையதா (பிளாக்), பந்தோடு வந்து மோதியவருடையதா (சார்ஜ்) என்ற சண்டையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிச்சம் தீரவே தீராது. அதோடு வாழப் பழக வேண்டியதுதான்.

பள்ளி கோர்ட்டுகளுக்கென்று தனிப் பாடத்திட்டம் உண்டு. முதலில் வலை. வெறும் இரும்பு வளையத்தில் பந்து உள்ளே போனதா, வெளியே உரசிக்கொண்டு போனதா என்பது தூரத்திலிருந்து தெரியாது. ஒவ்வொரு கூடைக்கும் தகராறு வரும். வலை கட்டாமல் ஆட்டத்தைத் தொடங்க மாட்டேன் என்று சொன்னால் அலுவலக அறை பீரோவிலிருந்து எப்படியும் ஒன்று வந்துவிடும். அடுத்து பந்து. பெண்கள் ஆட்டத்துக்கு ஆறாம் எண் பந்து. பலமுறை ஆண்களின் ஏழாம் எண் பந்தைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஜெர்சிகள் வேறு. பழைய எண்ணை மறைத்து வெள்ளை டேப்பில் புதிய எண் ஒட்டியிருப்பார்கள்; வேர்வையில் முதல் பாதியிலேயே டேப் உரிந்து ஒரே எண்ணில் இரண்டு பேர் ஓடுவார்கள். வளையத்தின் அடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் இருக்க வேண்டிய அரைவட்டம், சார்ஜ் கொடுக்கக் கூடாத பகுதி, பல கோர்ட்டுகளில் வரைந்தே இருக்காது. பந்தை வைத்திருக்கும் அணி எத்தனை வினாடிக்குள் ஷூட் செய்ய வேண்டும் என்று காட்டும் 24 வினாடிக் கடிகாரமும் அப்படித்தான். எது இருக்கிறது, எது இல்லை, இல்லாததற்கு என்ன ஏற்பாடு என்பதை இரண்டு பயிற்சியாளர்களையும் சேர்த்து நிற்கவைத்து ஆட்டத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். தனித்தனியாகப் பேசினால் இரண்டு ஒப்பந்தம் ஆகிவிடும்.

நகை விஷயம் பெண்கள் ஆட்டத்தில் பெரிய பேச்சுவார்த்தை. விதிப்படி நகை அணிந்து ஆடக் கூடாது. கம்மல், வளையல், கொலுசு கழன்றுவிடும். மூக்குத்தி அவ்வளவு எளிதில் கழலாது. கழன்றாலும் "துளை தூர்ந்துவிடும் மேடம்" என்று கண்கலங்குவாள். பையன்களுக்கு மணிக்கட்டில் காப்பும் கோயில் கயிறும். கண்டிப்போடு சொல்வதைவிட, பந்துக்கு எம்பும்போது கம்மல் மாட்டிக் காது மடல் கிழிவதைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வேலை சீக்கிரம் முடியும். இதை ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் செய்ய வேண்டும். பந்தைத் தூக்கிப் போடப் போகும் நேரத்தில் செய்தால் பத்து நிமிடம் போய்விடும்.

14 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தையும் 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தையும் ஒரே மாதிரி ஊதினால் இரண்டும் கெட்டுவிடும். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் கணக்கிலடங்காத டிராவலிங் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஊதினால் ஆட்டம் கோர்ட்டின் நடுக்கோட்டைத் தாண்டாது. அந்தத் தப்படியால் அவனுக்கு ஏதாவது லாபம் கிடைத்ததா என்று பார்ப்பேன். மூன்று வினாடிக்கு மேல் எதிரணி வளையத்துக்கு முன்னால் உள்ள பெயிண்ட் என்ற கட்டத்துக்குள் நிற்கிற பெண்ணிடம் "பதினொன்று, வெளியே வாம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு விசில் மிச்சம். ஆனால் முதுகில் கை வைத்துத் தள்ளுவதை எந்த வயதிலும் விட மாட்டேன். பெரிய பையன்களிடம் முதல் சில நிமிடங்களில் என்ன ஊதுகிறோமோ அதுவே அன்றைய சட்டம். தொடக்கத்தில் விட்டதைக் கடைசியில் பிடித்தால் கோபம் நியாயமாகவே வரும்.

டிராவலிங் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2017இல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா விதியை மாற்றியது. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கிறவருக்கோ, டிரிபிளை, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதை, முடிக்கிறவருக்கோ, பந்து கைவசமாகும் தருணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் சேராது. அதன் பிறகு இரண்டு தப்படி எடுக்கலாம். இன்றைய பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து இதை அழகாகச் செய்கிறார்கள். முந்தைய காலத்தில் ஆடிய அப்பாக்கள் வெளியே நின்று "மூன்று ஸ்டெப்! மூன்று ஸ்டெப்!" என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தக் காலத்து ஆள்தான் என்பதால் அவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. ஃபீபா விதிகள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கொருமுறை திருத்தப்படுகின்றன. விதிப்புத்தகமும் விளக்கங்களும் அவர்கள் இணையதளத்தில் இலவசம். அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கோர்ட்டுக்கு நடுவே யாரிடமும் எடுத்துக் காட்டாதீர்கள். சண்டை வளரும்.

கத்தல் எப்போதும் இருக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் சொன்ன வழி இது: பயிற்சியாளர் கேள்வி கேட்டால் பதில் சொல், தீர்ப்புச் சொன்னால் ஓடிக்கொண்டே இரு. "மேடம், என் பையன் என்ன செய்தான்?" என்பது கேள்வி. "இடது கையால் இடுப்பைப் பிடித்தான் சார்" என்று ஐந்து சொல்லில் பதில் தந்தால் பெரும்பாலும் அடங்கிவிடுவார். அடுத்த நிமிடம் அந்தப் பையனைத்தான் திட்டுவார். "இரண்டு பக்கமும் ஊதுங்கள்" என்பது கேள்வி அல்ல. அதற்குப் பதில் கிடையாது. எல்லை மீறினால் டெக்னிக்கல் ஃபவுல்: எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பிறகு ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைக் கொடுக்கும்போது முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. டெக்னிக்கல் கொடுத்துவிட்டு அந்த ஆளை முறைத்துக்கொண்டு நிற்கிற நடுவர் இரண்டாவதையும் தானே வரவழைக்கிறார். ஒருமுறை தோற்ற பள்ளியின் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்த பிறகு வாசல்வரை பின்னாலேயே வந்து பேசினார். அதிலிருந்து கடைசி விசில் ஊதியதும் மேசைக்குப் போய் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட ஊதியவரோடு சேர்ந்தேதான் வெளியேறுகிறேன்.

பையன்கள் ஆட்டத்தில் நான் ஊதியதற்குச் சில பயிற்சியாளர்கள் என் துணை நடுவரிடம் போய்த்தான் விளக்கம் கேட்பார்கள். நல்ல துணை என்றால் "அவர் பார்த்தது, அவரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அப்படிச் சொல்லாதவரோடு அடுத்த முறை ஊத வேண்டியிருந்தால், ஆட்டத்துக்கு முன்பே இதைப் பேசிவிடுகிறேன். பையன்கள் பழக்கதோஷத்தில் "சார்" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதெல்லாம் பொருட்டல்ல.

சென்னை வெயிலில் சிமெண்ட் கோர்ட்டில் கறுப்புக் கால்சட்டையோடு ஓடுவதற்கு உடம்பைத் தயார்செய்ய வேண்டும். கோடைகாலப் போட்டிகளில் காலை ஆட்டங்களை விடிந்ததும் தொடங்கி, உச்சிவெயிலில் நிறுத்திவிடச் சொல்லுங்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, மோர் எதுவானாலும் ஆட்டத்துக்கு முன்பே குடிக்க வேண்டும். தாகம் வந்த பிறகு குடிப்பது பிந்தியது. ஐப்பசி, கார்த்திகையில் தலைகீழ். தூறல் விட்டதும் ஒரு துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டு "ஆடலாம் மேடம்" என்பார்கள். நான் ஷூவோடு வளையத்துக்கு அடியில் ஓடி நின்று பார்ப்பேன். எனக்கு வழுக்கினால் ஆட்டம் இல்லை. இறுதிப் போட்டி என்றாலும், சிறப்பு விருந்தினர் வந்து மாலையோடு உட்கார்ந்திருந்தாலும் இல்லை.

தேர்வுக்கு வருகிறேன். மாவட்டக் கழகத்தில் பெயர் கொடுத்து, பயிற்சி முகாமில் கலந்துகொண்டு, மாநிலக் கழகம் நடத்தும் தேர்வை எழுத வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, ஆட்டத்தில் ஊதவைத்தும் பார்ப்பார்கள், வாய்மொழியாகவும் கேட்பார்கள். அதற்கு மேலே தேசியக் கூட்டமைப்பின் தேர்வு, அதற்கும் மேலே ஃபீபா உரிமம். எழுத்துத் தேர்வில் ஆட்டக்காரர்கள் தோற்பதும், விளையாட்டே தெரியாத ஆனால் விதியைக் கரைத்துக் குடித்தவர்கள் செய்முறையில் தோற்பதும் வழக்கம். ஆட்டம் ஆடியவர்கள் "எனக்குத் தெரியும்" என்று புத்தகத்தைத் திறக்காமல் போவதுதான் காரணம்.

பணத்துக்காக இதற்கு வர வேண்டாம். பள்ளி ஆட்டங்களில் கிடைக்கும் படித்தொகையில் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போக அதிகம் மிஞ்சாது. சனி, ஞாயிறு போய்விடும். வீட்டில் அதற்கு ஒரு விலை உண்டு. செலவு செய்வதானால் முதலில் நல்ல ஷூவுக்குச் செய்யுங்கள். சிமெண்ட் தரை முழங்காலைக் கேட்கும். அடுத்து, உள்ளே உருளும் குண்டு இல்லாத விசில். குண்டு உள்ள விசில் எச்சில் பட்டு அடைத்துக்கொண்டு முக்கியமான நேரத்தில் ஊமையாகிவிடும். ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவருக்கு அப்படி நேர்ந்துதான், 1987இல் குண்டில்லாத விசிலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். பக்கத்து மைதானத்தில் வாலிபால் நடத்துகிறவர் "இதோ, பத்து நிமிடத்தில் தருகிறேன்" என்று ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். அது திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.